செய்து கொடுத்தவர்களின் பங்கு

போர் அறம் பேசும் நூல்கள் பெரும்பாலும் இரண்டு பேரைத்தான் விசாரிக்கின்றன. போருக்கு ஆணையிடும் அரசன் ஒருவன், ஆயுதம் ஏந்தும் வீரன் இன்னொருவன். ஆயுதத்தைச் செய்து கொடுத்தவனைச் சாட்சி சொல்லக்கூட யாரும் கூப்பிடுவதில்லை. கொல்லன் பட்டறையில் வாளும் வேலும் உருவான காலத்தில் இது குறையாகத் தெரிந்திருக்காது. ஏர்க்கொழுவும் அரிவாளும் அடித்தவன் அவனேதான். ஒரு விமானத்திலிருந்து கிளம்பி இன்னொரு விமானத்தைத் துரத்தி வீழ்த்தும் ஏவுகணைக்கோ வேறு பயன் கிடையாது. அதை உருவாக்க நன்றாகப் படித்தவர்கள் பத்துப் பதினைந்து ஆண்டுகள் உட்கார்ந்து உழைக்க வேண்டியிருக்கிறது. அதனால் விளையும் சாவுகளில் அவர்களுக்குப் பங்கு உண்டா, உண்டென்றால் எவ்வளவு? வல்லரசுகளை வைத்து யோசித்தால் விடை கைநழுவிப் போகும். லட்சக்கணக்கானவர்கள் வேலை பார்க்கும் தொழிலில் ஒருவனுடைய பங்கைப் பிரித்துக் காட்டுவது கடினம். நடுத்தர நாடு ஒன்றில் அப்படி ஒளிந்துகொள்ள இடம் குறைவு. அதிலும் தென்னாப்பிரிக்கா இந்தக் கேள்விக்கென்றே வாய்த்த நாடு. ஏவுகணைப் பரம்பரை ஒன்றாகவே தொடர, அதற்கு எசமானாக இருந்த அரசு நடுவழியில் அடியோடு மாறியது அங்கேதான்.

நிறவெறி ஆட்சிக்கு ஆயுதம் விற்க வேண்டாம் என்று 1963-இல் ஐ.நா. பாதுகாப்பு அவை கேட்டுக்கொண்டது. அது வேண்டுகோள்தான். 1977 நவம்பரில் 418-ஆம் தீர்மானம் அதைக் கட்டாயத் தடையாக்கியது. இதற்கிடையே 1968-இல் ஆர்ம்ஸ்கோர் என்ற அரசு ஆயுத நிறுவனம் எழுந்தது. பிரான்சிலிருந்து வாங்கிய மிராஜ் விமானங்களுக்கு உள்நாட்டிலேயே ஏவுகணை செய்யும் வேலை தொடங்கி, வி-3 என்ற வரிசை உருவாயிற்று. இதன் மூக்கில் இருப்பது அகச்சிவப்பு உணரி. எதிரி விமானத்தின் எஞ்சின் கக்கும் வெப்பத்தை மோப்பம் பிடித்துப் பின்தொடரும். இதில் தென்னாப்பிரிக்கப் பொறியாளர்கள் செய்த புதுமை ஒன்று உண்டு. விமானியின் தலைக்கவசத்திலேயே குறிபார்க்கும் கருவியைப் பொருத்தி, அவர் தலை திரும்பும் பக்கமெல்லாம் ஏவுகணையின் உணரியும் திரும்பும்படி செய்தார்கள். விமானத்தையே எதிரியை நோக்கித் திருப்ப வேண்டியதில்லை, பார்வை திரும்பினால் போதும். உலகில் இதைப் போர்ப்பணிக்கு முதலில் கொண்டுவந்தவர்களில் அவர்களும் அடக்கம். திறமை என்று பார்த்தால் கைதட்ட வேண்டியதுதான். அப்படிக் கைதட்டி முடித்ததும் வேலை முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வதில்தான் சிக்கல்.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் தரப்பில் சொல்லப்படும் வாதம் எளிதில் தள்ளக்கூடியது அல்ல. ஆயுதங்களுக்குள் இதுதான் ஓரளவு சுத்தமானது என்பார்கள். வெடிகுண்டு ஊரை அழிக்கும், கண்ணிவெடி குழந்தையின் காலை எடுக்கும். இந்த ஏவுகணையோ ஆயுதம் தாங்கிய விமானத்தை மட்டுமே தேடும், அதற்குள் இருப்பவனும் கொல்ல வந்தவன்தான். 1983 செப்டம்பரில் சோவியத் போர் விமானம் ஏவிய ஏவுகணை கொரியப் பயணிகள் விமானத்தை வீழ்த்தி 269 பேரைக் கொன்றது. அதை விதிவிலக்கு என்றே வைத்துக்கொள்வோம். என் மறுப்பு வேறு. யாரை அடிக்கிறது என்பதோடு ஓர் ஆயுதத்தின் கணக்கு முடிந்துவிடுவதில்லை. யாருக்கு வழி திறந்துவிடுகிறது என்பதையும் அதில் சேர்க்க வேண்டும். 1978 மே 4 அன்று அங்கோலாவுக்குள் ஏறத்தாழ 250 கிலோமீட்டர் தள்ளியிருந்த கசிங்கா முகாமின் மேல் தென்னாப்பிரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் பறந்தன. பின்னால் பாராசூட் படை இறங்கியது. சுமார் 600 நமீபியர்கள் இறந்தார்கள். படை முகாம் என்றது தென்னாப்பிரிக்க அரசு, அகதி முகாம் என்றது அதன் ஆதிக்கத்தை எதிர்த்த நமீபிய விடுதலை இயக்கமான ஸ்வாப்போ. இரண்டு தரப்பும் மறுக்காத ஒன்று உண்டு. அந்த விமானங்களை வானில் மறிக்க அன்று எவரும் இல்லை. இப்படித் திறந்து கிடக்கும் வானத்தைத் திறந்தே வைத்திருப்பதுதான் விமானத்தை வீழ்த்தும் ஏவுகணையின் வேலை.

இதற்கு ஒரு குறுக்குக் கேள்வி வரும். அங்கோலாவில் நடந்த அந்தப் போரில் ஏவுகணை எதைச் சாதித்தது? 1981-லும் 1982-லும் தென்னாப்பிரிக்க மிராஜ் விமானங்கள் மிக்-21 விமானங்களை வீழ்த்தியபோது பலித்தது பீரங்கிக் குண்டுகள்தான், ஏவுகணை அல்ல. உண்மை. ஆனால் எத்தனை விமானம் விழுந்தது என்று எண்ணி இந்த ஆயுதத்தின் பங்கை அளக்க முடியாது. எதிரி கிட்ட வரத் தயங்கினாலே அது தன் வேலையைச் செய்துவிட்டது. மறுபக்கத்திலிருந்தும் இதைப் பார்க்கலாம். 1987-88-இல் அங்கோலாவின் பக்கம் நின்ற கியூப விமானிகளின் மிக்-23 விமானங்கள் தெற்கு அங்கோலாவின் வானத்தில் மேலோங்கின. 1988 ஜூனில் அவை கலுவேக் அணையருகே தென்னாப்பிரிக்கப் படையின் மீதே குண்டு வீசின. அந்த ஆண்டு டிசம்பரில் நமீபியாவின் விடுதலைக்கு வழிசெய்யும் உடன்படிக்கை நியூயார்க்கில் கையெழுத்தாயிற்று. 1990 மார்ச்சில் நமீபியா விடுதலை அடைந்தது. இதற்குப் பல காரணங்கள் உண்டு. வானம் கைவிட்டுப் போனது அவற்றில் ஒன்று. தற்காப்புக்கே செய்தோம் என்ற வாதமும் இங்கேயே உடைகிறது. விமானங்கள் மோதிக்கொண்டது தென்னாப்பிரிக்காவின் வானத்தில் அல்ல, அங்கோலாவின் வானத்தில்; காக்கப்பட்டது நமீபியா மீதான ஆதிக்கம். அந்த ஆதிக்கம் சட்டவிரோதமானது என்று சர்வதேச நீதிமன்றம் 1971-லேயே கருத்துரைத்திருந்தது.

செய்து கொடுத்தவனை விசாரிக்கும் மரபுகள் உலகில் இல்லாமல் இல்லை. இல்லறத்தார் செய்யக்கூடாத ஐந்து வணிகங்களைப் புத்தர் எண்ணும்போது ஆயுத வணிகத்தை முதலில் வைக்கிறார். சமணம் தீவினையை மூன்றாகப் பகுக்கும்: தானே செய்வது, பிறரைக் கொண்டு செய்விப்பது, செய்வதற்கு உடன்படுவது. மூன்றும் வினைதான். புலால் மறுத்தலில் வள்ளுவர் தின்பவனோடு நிற்காமல் விற்பவனையும் விசாரணைக்குள் கொண்டுவருகிறார். யூதர்களின் தால்முது வேறு வழியில் போகிறது. அயலாருக்கு ஆயுதமோ ஆயுதம் செய்யும் இரும்போ விற்காதே என்ற விதியைச் சொல்லிவிட்டு, பிறகு ஏன் விற்கிறோம் என்று தன்னையே கேட்டுக்கொள்கிறது. நம்மைக் காக்கும் பாரசீகருக்கு விற்கிறோம் என்று ரவ் ஆஷி என்னும் அறிஞர் பதில் சொல்கிறார். புத்தரின் தடையில் விலக்குக்கு இடமில்லை. ரவ் ஆஷியின் பதிலோ ஆயுதம் யாரைக் காக்கிறது என்று பார்த்து முடிவு செய்யச் சொல்கிறது. படையே இல்லாத அரசை நான் இன்னும் கண்டதில்லை என்பதால் இரண்டாவதன் பக்கமே சாய்கிறேன். ஆனால் அது முதலாவதைவிடச் சுலபம் என்று எண்ணிவிடக் கூடாது. எல்லாவற்றையும் விலக்கியவனுக்கு அத்தோடு வேலை முடிந்தது. யாரைக் காக்கிறது என்று பார்த்துச் செய்கிறேன் என்பவன் ஒவ்வொரு ஆண்டும் மறுபடி பார்க்க வேண்டும்.

தென்னாப்பிரிக்கத் திருச்சபைகளில், ஆயுதம் யாரைக் காக்கிறது என்று கேட்கும் இந்தப் பார்வை எவ்வளவு தூரம் போயிற்று என்பது கவனிக்கத்தக்கது. ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 13-ஆம் அதிகாரத்தைக் காட்டி அரசுக்கு அடங்கு என்று போதித்தவர்களை, 1985-இல் சொவேட்டோவில் பிறந்த கைரோஸ் என்ற இறையியல் ஆவணம் நேருக்கு நேர் எதிர்த்தது. 150-க்கும் மேற்பட்டோர் அதில் கையெழுத்திட்டார்கள். கட்டாயப் படைச்சேவைக்குப் போக மறுத்த வெள்ளை இளைஞர்களுக்காகத் திருச்சபைகளில் ஒரு பகுதி பேசியது. 1983-இன் சட்டத் திருத்தம் எல்லாப் போரையும் மதநம்பிக்கையால் மறுப்பவனுக்கு மட்டும் மாற்றுச் சேவை தந்தது. இந்தப் போர் அநீதியானது, அதனால் வரமாட்டேன் என்றவனுக்கு ஆறு ஆண்டுகள் வரை சிறை. ஆக, பதினெட்டு வயதுப் பையனின் மனச்சாட்சிக்குச் சட்டம் இருந்தது, இறையியல் இருந்தது, சிறையும் இருந்தது. ஆயுதக்கூடத்தில் உணரி வடிவமைத்த நாற்பது வயதுப் பொறியாளருக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. அவர்களில் பெரும்பாலோரை யாரும் பிடித்துக்கொண்டு போய் அங்கே உட்கார வைக்கவில்லை. விண்ணப்பம் போட்டுச் சேர்ந்தார்கள். மறுக்க வேண்டுமானால் வேறு வேலை தேடினால் போதும், சிறைக்குப் போக வேண்டியதில்லை. மறுப்பதற்கான விலை குறையக் குறையப் பொறுப்பு கூடும் என்பது அறத்தின் சாதாரணக் கணக்கு. அதன்படி அங்கோலா எல்லையில் நின்ற கட்டாயச் சிப்பாயைவிட இந்தப் பொறியாளரின் பங்கு கனமானது. திருச்சபை இவரைக் கேட்காமல் விட்டது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் இவர்கள்தானே.

எங்களுக்குத் தெரியாது, எல்லாம் ரகசியம், ஆளுக்கொரு துண்டு வேலைதான் தந்தார்கள் என்ற சமாதானமும் உண்டு. பெரிய நாட்டில் இது ஓரளவு செல்லும். இங்கே செல்லாது. அந்தத் தொழிற்சாலை இருந்ததற்குக் காரணமே ஆயுதத் தடை. வெளியில் வாங்க முடியாததால்தான் உள்ளே செய்யச் சொன்னார்கள். ஏன் வாங்க முடியவில்லை என்பதோ செய்தித்தாள் படிக்கும் எவருக்கும் தெரியும். உலகம் எழுத்தில் கொடுத்த எச்சரிக்கையிலிருந்துதான் அவர்களின் சம்பளம் பிறந்தது.

நான் போனால் இன்னொருவன் வந்து செய்வான் என்பது எல்லாத் தொழிலிலும் புழங்கும் சாக்கு. நடுத்தர நாட்டு ஏவுகணைத் தொழில் இதைப் பொய்யாக்குகிறது, அதுவும் வேடிக்கையான வழியில். 1992-இல் ஆர்ம்ஸ்கோரின் ஆலைகள் டெனல் என்ற தனி நிறுவனமாயின. வி-3-க்குப் பின் டார்ட்டர் வரிசை வந்தது. அதன் கடைசி வாரிசான ஏ-டார்ட்டர், வெப்பத்தைப் புள்ளியாக அல்லாமல் படமாகவே பார்க்கும் உணரி கொண்டது. 2006-இல் பிரேசில் கூட்டுச் சேர்ந்தது. 2019-இல் தகுதிச் சான்று கிடைத்தது. அடுத்த ஆண்டே டெனலால் ஊழியருக்கு முழுச் சம்பளம் தர முடியவில்லை. தொழிற்சங்கங்கள் தொழிலாளர் நீதிமன்றம் போயின. அனுபவப்பட்ட பொறியாளர்கள் வேறு இடம் தேடிப் போனார்கள், வேலைகள் தடுமாறின. சம்பளம் கிடைக்காமல் போனவர்களின் இடத்தை நிரப்ப ஆள் கிடைக்கவில்லை என்றால், முப்பது ஆண்டுகளுக்கு முன் மனச்சாட்சி உறுத்திப் போயிருந்தால் மட்டும் கிடைத்திருக்குமா? கூட்டம் சிறியது, ஒவ்வொரு கையும் கணக்கில் வரும். தங்கள் திறமையைப் பற்றி இந்தத் துறையினர் பெருமையாகச் சொல்வதும் இதைத்தான். பொறுப்பென்று வரும்போது மட்டும் அது மறந்துபோகக் கூடாது.

அப்படியானால் நிறவெறி ஆட்சி முடிந்த 1994-க்குப் பிறகு செய்ததும் பாவமா? இல்லை என்பதே என் பதில். மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு தன் வானத்தைக் காக்க ஏவுகணை செய்துகொள்வதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஆட்சி மாறியதும் எல்லாம் தானாகக் கழுவிப்போயிற்று என்பதையும் ஏற்க மாட்டேன். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று ஓர் அரசால் பிரித்துப் பார்க்க முடியும். தென்னாப்பிரிக்காவே அதற்குச் சாட்சி. செய்து முடித்திருந்த ஆறு அணுகுண்டுகளையும் பிரித்தழித்துவிட்டோம் என்று அதிபர் டி கிளர்க் 1993 மார்ச்சில் அறிவித்தார். நீண்ட தூர ராக்கெட் திட்டமும் கைவிடப்பட்டது. விமான ஏவுகணைத் திட்டம் மட்டும் தொடர்ந்தது. தொடர்ந்ததாலேயே அதற்கு ஒரு கடமை சேர்ந்தது. சிறிய விமானப்படைக்கு வேண்டிய ஏவுகணைகள் கொஞ்சம்தான். அதை நம்பி ஆலை நடத்த முடியாது, வெளிநாட்டுக்கு விற்றே ஆக வேண்டும். நடுத்தர நாட்டில் தற்காப்பு என்ற சொல்லுக்குப் பின்னால் எப்போதும் ஓர் ஏற்றுமதிப் பட்டியல் இருக்கும். விடுதலை கிடைத்த 1994-லேயே லெபனானுக்கு என்று காகிதத்தில் எழுதிய துப்பாக்கிகள் ஏமனுக்குப் போன விவகாரம் வெடித்தது. நீதிபதி எட்வின் கேமரூன் ஆணையம் விசாரித்தது. 1995-இல் அமைச்சர் காதர் அஸ்மல் தலைமையில் அமைச்சர்கள் குழு ஒன்று ஆயுத ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த வந்தது. 2002-இல் அதற்குச் சட்டமும் ஆயிற்று. ரவ் ஆஷியின் பதிலை ஏற்பவர்கள் வருடாவருடம் போட வேண்டிய கணக்கு இந்தக் குழுவின் மேசையில்தான் இருக்கிறது.

நிறவெறிக் காலக் குற்றங்களை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 1998-இல் தந்த அறிக்கையில் வணிக நிறுவனங்களை மூன்று படிகளாகப் பிரித்தது. நிறவெறிக் கொள்கையை வகுக்கவே உதவியவர்கள் முதல் படி. தங்கள் பொருள் தகாத காரியத்துக்குப் போகும் என்று தெரிந்தே விற்றவர்கள் இரண்டாம் படி. அந்தச் சமூகத்தில் தொழில் நடத்தியதாலேயே ஆதாயம் அடைந்தவர்கள் மூன்றாம் படி. ஆயுதத் தொழிலுக்கு ஆணையம் கொடுத்த இடம் இரண்டாம் படி. ஏவுகணைக்காரர்களைச் சுத்தமான ஆயுதம் செய்தவர்கள் என்று சொல்லி மூன்றாம் படிக்கு இறக்கிவிடலாமா என்று யோசித்துப் பார்த்தேன். கசிங்காவின் வானத்தையும் 418-ஆம் தீர்மானத்தையும் வைத்துப் பார்க்கும்போது அதற்கு ஒரு நியாயமும் எனக்குக் கிடைக்கவில்லை.