அணையா அடுப்பு

சிதம்பரத்தில் கல்யாண சமையல் குழு நடத்துகிறேன். தலைவன் போன பிறகும் வேலை எதனால் நிற்காமல் நடக்கிறது? எனக்கு இந்தக் கேள்வியைத் தந்தது வடலூர். 1867இல் வள்ளலார் அங்கே தருமசாலை தொடங்கி அடுப்பு மூட்டினார். 1874 ஜனவரியில் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் போய்க் கதவடைத்துக்கொண்டார். அவர் போன பிறகும் அந்த அடுப்பு இன்றும் எரிகிறது. சாதி கேட்காமல் சோறு போடுகிறார்கள். அடுத்தவர் பசி பொறுக்காத மனசை அவர் கூட இருந்தவர்களுக்குள் வைத்துவிட்டுப் போனார் என்றே நம்புகிறேன். கண்டிப்பால் அது முடிந்திருக்காது. அதனால் நானும் முகூர்த்த நாளில் முதல் பந்திக்கு முன்பே பாத்திரம் கழுவும் அக்காவுக்கும் காய் நறுக்கும் தம்பிக்கும் இலை போட்டுவிடுகிறேன். பசியோடு பரிமாறுகிறவர் கை தாராளமாக வராது. உப்புப் பார்ப்பதையும் இப்போது இளையவர்களிடமே விட்டிருக்கிறேன். கடலூருக்கு நான் சரக்கெடுக்கப் போன நாளிலும் சாம்பார் நேரத்துக்கு இறங்குகிறது.