வக்கீலின் மௌனம்

கட்சிக்காரர் சொன்ன இரகசியத்தைக் காக்கும் வக்கீல் பொய்ம்மைக்குத் துணை நிற்கிறார் என்பர் சிலர். ஆராய்வோம்.

அம்மௌனத்தை 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் கடமையாக்கிற்று. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய அதிநியமமும் அங்ஙனமே விதிக்கிறது. கட்சிக்காரரின் இசைவின்றி வெளியிடலாகாது. காரணம் யாது? அச்சமின்றிப் பேச ஓரிடமும் இல்லையாயின், எளியவர் தம் வக்கீலிடமே பாதியை மறைப்பர். பாதி அறிந்தவர் அவரை எங்ஙனம் காப்பார்?

ஆயினும், சட்டவிரோத நோக்கத்தை நிறைவேற்றச் செய்யும் ஆலோசனைக்கு அக்காவல் இல்லை. குற்றத்தைத் தம்மிடம் ஒப்புக்கொண்டவருக்காகவும் வக்கீல் எதிர்ச்சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம்; அவர் அவ்விடத்திலேயே இல்லையெனப் பொய்ச்சாட்சி நிறுத்தலாகாது.

சொல்லாமை வேறு, பொய் சொல்லுதல் வேறு. சட்டம் பயிலும் நம் பிள்ளைகள், வெல்லும் வழியைக் கற்குமுன் இவ்வெல்லையைக் கற்பாராக.