மரத்த விரலும் மறக்கருணையும்

என் பெரியம்மாவிடம் எல்லாவற்றுக்கும் ஒரே விடைதான்: வினை. கப்பல் பட்டறையில் இரும்புத் தகடு சரிந்து என் வலது மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாக வெட்டியபோதும் அதையேதான் சொன்னார். "எந்தச் சென்மத்துல அந்தக் கை என்ன செஞ்சுச்சோப்பா." மார்சிலிங்கில் எங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து மைலோ குடித்துக்கொண்டே சொன்னார். கோபம் வரவில்லை, ஆனால் அந்தப் பேச்சு உள்ளே தங்கிவிட்டது.

அறுந்தது அல்னார் நரம்பு. முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை சுரீரென்று மின்சாரம் பாயுமே, அந்த நரம்புதான். கையை இறுக்கி மூடும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. உள்ளங்கைக்குள் இருக்கும் சின்னத் தசைகளில் பெரும்பாலானவை ஓய்ந்துபோயின. விரல்களை விரிப்பதும் சேர்ப்பதும், பெருவிரலை ஆள்காட்டி விரலோடு அழுத்துவதும் அவற்றின் வேலை. வீட்டுச் சாவியைத் திருப்ப முடியவில்லை. சிகிச்சையாளர் ஒரு தாளை இரண்டு விரலுக்கும் இடையில் கொடுத்து இழுத்தால், பெருவிரல் நுனி கூனிக்கொண்டு அதைப் பிடிக்கப் பார்க்கும். மோதிர விரலும் சுண்டுவிரலும் கொக்கிபோல வளைந்து நின்றன.

கோவில் சுற்றில் தட்சிணாமூர்த்தியின் கையை அதற்குப் பிறகுதான் ஒழுங்காகப் பார்த்தேன். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் தொட, மற்ற மூன்றும் நேராக நிற்கும். தொடுகிற விரல்கள் இறையும் உயிரும். விலகி நிற்கும் மூன்றும் ஆணவம், கன்மம், மாயை என்ற மலங்கள் என்று பெரியவர்கள் விளக்கம் சொல்வார்கள். அந்த ஒரு முத்திரைக்கு மூன்று நரம்பும் வேண்டும். ரேடியல் நரம்பு மணிக்கட்டை நிமிர்த்த வேண்டும், மீடியன் நரம்பு பெருவிரலைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும், அல்னார் நரம்பு மற்ற விரல்களை நீட்ட வேண்டும். என் கையில் மலங்கள் விலகி நிற்க மறுத்தன என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன்.

திருநீறு பூசும்போது சிரிப்பு வரவில்லை. மூன்று விரலால்தான் பட்டை போடுகிறோம். மோதிர விரலின் ஒரு பாதிக்கு மீடியன் நரம்பு, மறு பாதிக்கு அல்னார் நரம்பு. விரலின் ஒரு பக்கம் நீற்றை உணர்ந்தது; மறு பக்கத்துக்கு ஒன்றும் தெரியவில்லை. கோப்பிக் குவளையில் சுண்டுவிரல் சுட்டுக் கொப்புளம் எழும்பியதையும் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இந்த உணர்விழப்பைக் கொல்லிமலையில் பிறந்த ஒருவர் வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தார். 1914-ல் கிறித்துவ ஊழியர் குடும்பத்தில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட். 1946-ல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர், செங்கல்பட்டில் தொழுநோயாளி ஒருவரின் மடங்கிய கையைப் பிடித்துப் பார்த்தார். அந்த மனிதர் இறுக்கிய இறுக்கில் டாக்டருக்கு வலித்துவிட்டது. கை சாகவில்லை, முன்கைத் தசைகள் உயிரோடு இருக்கின்றன என்று புரிந்தது. நல்ல தசையின் நாணை எடுத்து விரலுக்கு மாற்றித் தைக்கும் அறுவைச் சிகிச்சை அங்கிருந்து வளர்ந்தது. தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி உதிர்வதாக அன்று நம்பினார்கள். தீயும் ஆணியும் இரவில் கடிக்கும் எலியும்தான் விரல்களைத் தின்கின்றன, வலி இல்லாததால் நோயாளிக்குத் தெரிவதில்லை என்று அவர் காட்டினார்.

1873-ல் ஹான்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டபிறகும், பெரியம்மாவைப் போன்றவர்கள் அந்த நோயாளிகளிடம் வினை என்றே சொல்லிவந்தார்கள். பிராண்ட் தலைகீழாகச் சொன்னார்: வலிதான் கடவுள் கொடுத்த கொடை. பின்னாளில் அமெரிக்காவில் அவர் குழு மரத்த கைகளுக்குச் செயற்கை வலி செய்யப் பார்த்தது. கையுறையில் உணரிகள் வைத்து, ஆபத்து வந்தால் ஒலி எழுப்ப வைத்தார்கள், நோயாளிகள் பொருட்படுத்தவில்லை. மின்னதிர்ச்சி கொடுத்தார்கள், நோயாளிகள் அதை நிறுத்திவிட்டு வேலையைப் பார்த்தார்கள். அணைக்க முடிந்த எச்சரிக்கையை மனிதன் அணைத்துவிடுவான்.

எனக்கு இது சைவ சித்தாந்த வகுப்பில் கேட்டதோடு சேர்ந்துகொண்டது. ஆணவத்தில் அழுந்திய உயிர் எதையும் அறியாமல் கிடக்கிறது. அதற்கு உடம்பையும் கருவிகளையும் உலகத்தையும் கொடுத்து உணர வைப்பதே அருள். துன்பத்தால் திருத்துவது மறக்கருணை. தைத்த நரம்பு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வளரும். என் கையிலும் நரம்பைத் தைத்துப் பல மாதம் கழித்து, விரலில் ஊசி குத்துகிறது என்று முனகினேன். சிகிச்சையாளர் முகம் மலர்ந்துவிட்டது.

விபத்துக்கு அடுத்து வந்த தைப்பூசத்தில், உணர்வு திரும்பும் முன், பெருமாள் கோவிலிலிருந்து டேங்க் ரோடு கோவில் வரை பால்குடம் எடுத்தேன். மரத்த கையைக் கண்ணால் பார்த்துத்தான் ஆளப் பழகியிருந்தேன். தலைமேல் இருக்கும் குடத்தை எப்படிப் பார்ப்பது? பயத்தில் தேவைக்கு மேல் இறுக்கிப் பிடித்தேன். முன்னால் அலகு குத்திய தம்பி ஒருவர் வலிக்கவில்லை என்றார், நம்புகிறேன். ஆனால் அவர் நரம்பு முழுசாக இருக்கிறது. வலியை அவரால் காணிக்கையாக வைக்க முடியும். உணர்வே இல்லாத விரல் எதை வைக்கும்?

இருந்தும் மறக்கருணை என்ற சொல்லை நான் எல்லா இடத்திலும் ஒப்புக்கொள்வதில்லை. என் அம்மாவுக்குப் புற்றுநோய் எலும்புக்குப் பரவியபோது வந்த வலி, எதிலிருந்து கையை எடுக்கச் சொன்னது? எடுக்க எதுவும் இல்லை. அங்கே மார்ஃபின்தான் அருள். விலகச் சொல்லும் வலிக்குக் கடவுள் பெயரைச் சொல்லலாம். விலக இடம் தராத வலிக்கு அவர் பெயரைச் சொன்னால் அவருக்கே அடுக்காது. பெரியம்மாவிடமும் இதைச் சொன்னேன். பதில் சொல்லாமல் என் சுண்டுவிரலைப் பிடித்துக் கிள்ளிப் பார்த்தார்.

தொழுநோய் இன்று கூட்டு மருந்தில் குணமாகும். நெடுநாள் கெட்டுக் கிடந்த நரம்பு மட்டும் திரும்புவது அரிது. தோலில் தொட்டால் தெரியாத தேமல் இருந்தாலோ, சுண்டுவிரல் மரத்தே இருந்தாலோ, வலிக்கவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். முதலில் பலதுறை மருந்தகத்தில் போய்க் காட்டுங்கள். கோவிலுக்கு அதன்பிறகு போகலாம்.