முதியோருக்குச் சோறு மட்டும் போதுமா?

பெற்றோருக்குச் சோறும் மருந்தும் கொடுத்தோம், கடமை முடிந்தது என்று எண்ணுகிறீர்களா? சற்றே சிந்தியுங்கள்.

முதியோர் உரிமைகளைப் பாதுகாக்க 2000ஆம் ஆண்டில் 9ஆம் இலக்கச் சட்டம் நம் நாட்டில் நிறைவேறியது. அதன்பின் கிராம சேவகர் பிரிவுகளில் முதியோர் சங்கங்கள் அமைக்கப்பட்டன. 60 வயதை எட்டியவர்களே அங்கத்தவர்கள். தலைவரையும் செயலாளரையும் பொருளாளரையும் அவர்களே தெரிவு செய்ய வேண்டும்.

அப்புத்தளைத் தோட்டங்களில் இதற்குத் தனிப் பொருளுண்டு. பேர் பதிந்த நாள் முதல், எந்த மலையில் கொழுந்தெடுப்பது, எந்த லயத்தில் குடியிருப்பது என்பதையெல்லாம் துரையும் கணக்கப்பிள்ளையுமே தீர்மானித்தார்கள். வேலையை விட்டபின் பிள்ளைகள் தீர்மானிக்கிறார்கள். ஆயுள் முழுதும் பிறர் சொற்படி நடந்தவர், சங்கக் கூட்டத்தில் கையுயர்த்தித் தம் எண்ணத்தைச் சொல்வது சிறு காரியமா?

ஆனால் எழுதத் தெரியாதவரின் பெருவிரலை மட்டும் வாங்கிக்கொண்டு, தீர்மானத்தை வேறொருவர் எழுதுவாராயின், அது சங்கமல்ல, இன்னொரு பிரட்டுக்களமே.

முதியவர்கள் தவறாக முடிவெடுத்தால் என்ன செய்வது என்பீர்கள். இளையவர்கள் தவறுவதில்லையா? பராமரிப்புப் பசியை ஆற்றும். மதிப்போ, அவர் பேச்சைக் கேட்பதில்தான் தொடங்குகிறது.

சங்கம் கூடும் நாளில் உங்கள் தாயையோ தகப்பனையோ கைபிடித்து அழைத்துச் செல்லுங்கள். அங்கே அவருக்காக நீங்கள் பேசாதீர்கள், அவரே பேசட்டும்.