வானத்தின் காவலும் மண்ணின் விலையும்

கீரிமலைக்குக் கிழக்கே சில மைல் தொலைவில் பலாலி விமானத்தளம் இருக்கிறது. இரண்டாம் உலக யுத்தகாலத்தில் பிரித்தானிய விமானப் படை அதனை அமைத்தது. செம்மண் பூமியில் ஓடுபாதை வேண்டுமா வேண்டாமா என்று தீர்மானிக்கும் உரிமை அம்மண்ணின் மக்களுக்கு இருக்கவில்லை. குடியேற்ற நாடொன்றின் வானத்தைக் காக்கும் செலவை யார் ஏற்பது என்ற வினாவை ஆராயப் புகுவோர்க்கு அந்த ஓடுபாதையே தக்க தொடக்கம்.

காவற்செலவு பற்றிய வழக்கு இலங்கைக்குப் பழையது. இந்நாட்டில் நிறுத்தப்பட்ட படையின் செலவை இந்நாட்டு வருமானத்திலிருந்தே அறவிட ஏகாதிபத்திய அரசாங்கம் முற்பட்டபோது, 1864 இல் சட்டநிரூபண சபையின் உத்தியோகப் பற்றற்ற உறுப்பினர் அறுவரும் பதவி துறந்தனர். மறு ஆண்டு ஜோர்ஜ் வோல் முதலியோரால் சிலோன் லீக் தோன்றியது. அவர்களது எதிர்ப்பு நியாயமானதே. ஆயினும் வர்த்தகர்களும் தோட்டத் துரைமாரும் தம் வரிப்பணம் என்று பேசிய அந்தக் கருவூலத்தில், 1892 வரை அறவிடப்பட்ட நெல்வரியும், ஏழையின் கஞ்சியிற் கலந்த உப்பின் வரியும் சேர்ந்திருந்தன. அவ்வரிகளைச் செலுத்திய உழவனுக்குச் சபையில் ஆசனம் இல்லை.

1931 இல் டொனமூர் அரசியற்றிட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்குரிமை அளித்தது. கல்வியும் சுகாதாரமும் விவசாயமும் மக்கள் பிரதிநிதிகளிடம் வந்தன. பாதுகாப்போ பிரதம செயலாளர் என்ற ஆங்கில உத்தியோகத்தரிடம் நின்றது. அவர் சபையில் பேசலாம், வாக்களிக்க முடியாது; சபையின் வாக்கினால் அவரை அகற்றவும் முடியாது. பூரண சுயாட்சி கேட்டு யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் அவ்வாண்டுத் தேர்தலைப் பகிஷ்கரிக்கச் செய்தது. அதனால் விளைந்த நன்மை தீமைகள் இன்றும் விவாதத்துக்குரியன. ஆனால் யுத்தத்தையும் சமாதானத்தையும் தீர்மானிக்கும் உரிமையற்ற ஆட்சி முழு ஆட்சியன்று என்ற அதன் அடிப்படை பிழையானதன்று.

இங்கே எதிர்த்தரப்பார் கேட்பதையும் நாம் செவிமடுக்க வேண்டும். "பயன் பெறுபவன் விலை கொடுப்பதுதானே முறை?" என்பர் அவர்கள். 1942 ஏப்ரல் 5 இல் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அங்கொடை மனநோய் வைத்தியசாலையிலும் குண்டு விழுந்தது. ஏப்ரல் 9 இல் திருகோணமலை தாக்கப்பட்டது. வானிலிருந்து விழும் குண்டு, கீழே நிற்பவன் ஆள்பவனா ஆளப்படுபவனா என்று பார்ப்பதில்லை. எதிர்த்துப் பறந்த ஹரிக்கேன் விமானங்கள் துறைமுகத் தொழிலாளியின் தலைக்கு மேலும் காவலாய் நின்றன. பாசிசம் முறியடிக்கப்பட வேண்டியதே. ஜப்பானியர் அமைத்த சயாம் - பர்மா ரயிற்பாதையில் மாண்ட மலாயாத் தமிழ்த் தொழிலாளரை நினைப்போர் இதனை மறுக்கமாட்டார்கள்.

அவ்வாறாயின் செலவிற் பங்கேற்பது கடமை ஆகாதா? ஆகும். ஆனால் பங்காளிக்கு மூன்று உரிமைகள் உண்டு: எதைக் காப்பது என்று சொல்லும் உரிமை, கணக்குக் கேட்கும் உரிமை, தவறினால் பொறுப்பாளரை நீக்கும் உரிமை. இம்மூன்றும் இல்லாதவன் கொடுப்பது பங்கு அன்று, திறை. சிங்கப்பூர்க் கடற்படைத் தளத்துக்கு மலாய்க் கூட்டரசு நாடுகள் இருபது இலட்சம் பவுண் அளித்தன. தளம் எழுந்தது, அதைக் காக்கப் போதிய விமானங்கள் அனுப்பப்படவில்லை, 1942 பெப்ரவரி 15 இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து சென்ற எழுதுவினைஞரும் ரயில்வே ஊழியரும் அந்நாட்டிலே அகப்பட்டுக்கொண்டார்கள். பணம் கொடுத்தவர்கள் யாரிடம் கணக்குக் கேட்பது? இலங்கையின் நன்கொடையை நினைவுகூர்ந்து பிரித்தானிய விமானப் படையின் 102 ஆம் பிரிவுக்கு 'சிலோன்' என்று பெயரிட்டனர். அப்பிரிவு இங்கிலாந்தின் யோர்க்ஷயரிலிருந்து ஜேர்மனிக்குப் பறந்த குண்டுவீச்சுப் பிரிவு. அதன் பணி நியாயமாகவே இருக்கட்டும். எந்த வானில் எந்த விமானம் பறப்பது என்ற தீர்மானம் நன்கொடையாளருடையதன்று.

இந்த அளவுகோலை அந்நியனுக்கு மாத்திரம் பிடித்துவிட்டு நம்மவர் ஆட்சிக்கு மறைத்துவைப்பது நேர்மையாகாது. 1948 இல் சுதந்திரம் வந்தது. 1990 இல் யுத்தம் மீண்டும் மூண்டபோது கீரிமலை, காங்கேசன்துறை, மயிலிட்டி, பலாலி மக்கள் வீடு வாசல் விட்டு வெளியேறினர். தளத்தைச் சூழ்ந்த நிலம் உயர் பாதுகாப்பு வலயமாகியது. மூதாதையர்க்கு ஆடி அமாவாசைக் கடன் கழிக்கும் கீரிமலைக் கரை ஆண்டுக்கணக்கில் மக்களுக்கு எட்டாததாயிற்று. யுத்தம் 2009 இல் முடிந்த பின்னரும், 2013 இல் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டப்பட்டது. நிலவுரிமையாளர் பெருந்தொகையினராய் நீதிமன்றம் சென்றனர். பின்னர் நிலத்தின் ஒரு பகுதி விடுவிக்கப்பட்டது. அகதிக் கொட்டிலில் வளர்ந்த பிள்ளைக்கு அந்த ஆண்டுகளை விடுவித்துக் கொடுக்க எந்த வர்த்தமானியாலும் இயலாது.

பாதுகாப்பின் செலவு வரவுசெலவுத் திட்டத்தின் எண்களில் மட்டும் அடங்குவதில்லை. கிணறாகவும் பனையாகவும் பள்ளிக்கூடமாகவும் அது அறவிடப்படுகிறது. அதனை மிகுதியாகச் செலுத்துவோர் தீர்மானிக்கும் மேசையிலிருந்து மிகத் தொலைவில் நிற்பவர்களே. எனவே, யார் செலுத்துவது என்று கேட்கும்முன் யார் தீர்மானித்தது என்று கேட்போம். அவ்விரு வினாக்களுக்கும் ஒரே விடை கிடைக்கும் நாட்டிலேதான் பாதுகாப்பு என்ற சொல் தன் பொருளைப் பெறும்.