கணக்குக் கேட்கும் உரிமை

போருக்கெனப் பணம் கேட்ட மன்னனிடம் குடிகள் திருப்பிக் கேட்ட கேள்வி பாராளுமன்ற வரலாற்றில் முக்கியமானதோர் இடத்தைப் பெறுகின்றது. தன் இசைவின்றி வரியோ கடனோ அறவிடலாகாது என 1628இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் முதலாம் சார்ள்ஸ் மன்னனிடம் வலியுறுத்தியது. பணம் வழங்க இசையும் உரிமை அவ்வாறு வென்றெடுக்கப்பட்டது. ஆனால், வழங்கிய பணம் என்னவாயிற்று எனக் கேட்கும் உரிமையோ இன்றும் படைத்துறையின் வாயிலில் தடைப்பட்டு நிற்கின்றது. இதனை வெறும் நிருவாகக் குறைபாடென்று நாம் ஒதுக்கிவிடலாமா?

படைக்காக உலகிலேயே மிகக் கூடுதலாகச் செலவிடும் ஐக்கிய அமெரிக்காவை நோக்குவோம். அரசாங்கத் திணைக்களங்களின் கணக்குகள் ஆய்வுக்குட்படல் வேண்டுமென அங்கே 1990களிலேயே சட்டங்கள் இயற்றப்பட்டன. ஆயினும், பாதுகாப்புத் திணைக்களம் முழுவதும் முதன்முறையாகக் கணக்காய்வு செய்யப்பட்டது 2018இலேயே. அவ்வாண்டு முதல் 2024 வரை ஏழு முறையும் கிடைத்த முடிவு ஒன்றே: அபிப்பிராயம் கூறுதற்குப் போதிய சான்றுகள் இல்லை. இதனாற் பணம் களவாடப்பட்டதென்று நாம் கொள்ளலாகாது; களவு போயிற்றா இல்லையா என்று எவராலும் உறுதிகூற இயலவில்லை என்பதே இதன் பொருள்.

எஃப்-35 போர்விமானத்தின் உதிரிப்பாகங்கள் ஒப்பந்தக் கம்பனிகளின் பொறுப்பில் வைக்கப்பட்டிருந்தன. 2018 மே மாதத்தின் பின்னர் அவற்றுள் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டவை தொலைந்தன. அவற்றின் பெறுமதி 8.5 கோடி டொலருக்கும் அதிகம். தொலைந்தவற்றில் நூற்றுக்கு இரண்டினும் குறைவானவற்றையே திணைக்களம் பரிசீலித்தது. இதனை 2023இல் வெளிப்படுத்தியது கொங்கிரசின் கணக்காய்வு அலுவலகமாகும். சிறியதோர் அலுவலகத்திலே ஒரு கதிரை குறைந்தாலும் பொருட்காப்பாளன் விளக்கம் எழுதியாகவேண்டும். எளியவனுக்கு ஒரு நீதி, கம்பனிக்கு வேறொரு நீதி!

கணக்கறிந்து உண்மை கூறியவர் நிலை யாது? லொக்ஹீட் கம்பனி தயாரித்த சி-5ஏ விமானத்தின் செலவு ஏறத்தாழ 200 கோடி டொலரால் மிகும் என விமானப்படையின் அலுவலர் ஏர்னஸ்ற் பிற்ஸ்ஜெரல்ட் 1968 நவம்பரிற் கொங்கிரசுக் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். பின்னர் அவருடைய பதவியே ஒழிக்கப்பட்டது. நெடிய போராட்டத்தின் பின், 1973இலேதான் அவரை மீளச் சேர்க்குமாறு ஆணை பிறந்தது.

‘நாட்டின் பாதுகாப்புக்கு இரகசியம் வேண்டாமா?’ எனச் சிலர் வினவுவர். ஆயுதத்தின் நுட்பம் பகைவனுக்கு மறைக்கப்படலாம். அதன் விலையை உழைத்து வரி செலுத்தும் மக்களுக்கு மறைப்பதில் என்ன நியாயம் உண்டு? செனற்றர் ட்ரூமன் தலைமையில் 1941இல் அமைந்த குழு, உலகப்போர் நடந்துகொண்டிருக்கையிலேயே படை ஒப்பந்தங்களின் வீண்விரயத்தை ஆராய்ந்தது. அதனாற் போர் தோற்றுவிடவில்லை.

இனி, கணக்குச் சரியானால் அறமும் சரியாகிவிடுமா? ஒருபோதுமில்லை. செவ்வையாகப் பதிவேட்டில் எழுதப்பட்ட குண்டும் குழந்தையைக் கொல்லவே செய்யும். ஆகவே, கணக்காய்வை நாம் முடிவான தீர்வாகக் கருதவில்லை. எனினும், எவ்வளவு செலவாயிற்று என்பதையே அறியாத மக்கள், அச்செலவு எதற்காக, எவருடைய நலனுக்காக என்று எவ்வாறு வாதிட முடியும்? முதல் வினாவை அடக்குவோர் உண்மையில் அஞ்சுவது இந்த இரண்டாவது வினாவுக்கே. இரண்டையும் சேர்த்துக் கேட்கக் கற்பதும் கற்பிப்பதும் நம் கடனாகும்.