ரோட்ஸ் துறைமுகத்தில் நிற்கும் மூன்றாமவர்

ரோட்ஸ் தீவில் பஞ்சம். தானியம் யானை விலை விற்கிறது. எகிப்தின் அலெக்சாண்ட்ரியாவிலிருந்து கப்பல் நிறையச் சரக்கோடு ஒரு வணிகர் வந்து இறங்குகிறார். பின்னால் இன்னும் பல தானியக் கப்பல்கள் இதே தீவை நோக்கி வருவதை வழியில் கண்ணால் பார்த்தவர் அவர். ஊராருக்கு அது தெரியாது. சொன்னால் விலை அந்த நிமிடமே சரியும். சொல்லாவிட்டால் கேட்ட விலை கிடைக்கும். அவர் யோக்கியமான மனிதர், பொய் சொல்லமாட்டார். ஆனால், யாரும் கேட்காதபோது தானே வலியப் போய்ச் சொல்லவும் வேண்டுமா?

ரோமானியச் சிந்தனையாளர் சிசரோ, கடமைகளைப் பற்றித் தன் மகனுக்காகக் கி.மு. 44இல் எழுதிய நூலில் இந்த வழக்கை வைக்கிறார். ஸ்டோயிக் மரபைச் சேர்ந்த இருவரை எதிரெதிரே நிறுத்துகிறார். சரக்கில் குறை இருந்தால் சட்டப்படி சொன்னால் போதும் என்கிறார் பாபிலோன்காரரான டயோஜெனஸ். சொல்லாமல் இருப்பது வேறு, மறைப்பது வேறு என்பது அவர் வாதம். அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர் இதை ஏற்பதில்லை. மனித குலத்தின் பொது நன்மைக்குக் கடமைப்பட்டவன், பசியோடு நிற்பவர்களிடம் அவர்களுக்கு உதவும் சேதியை எப்படி ஒளிக்கலாம்? சிசரோ மாணவர் பக்கம் சாய்கிறார். சுமார் 1,300 ஆண்டுகள் கழித்து இதே போன்ற வழக்கை எடுத்த தாமஸ் அக்குவினாஸ் நடுவில் நின்றார். நடப்பு விலைக்கு விற்பது நீதிக்கு விரோதமல்ல. சேதியைச் சொல்வதோ விலையைக் குறைப்பதோ அதைவிட உயர்ந்த அறம் என்றார்.

டயோஜெனஸை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அந்தக் கப்பல் ஏன் ரோட்ஸுக்கு வந்தது? அங்கே விலை ஏறியிருந்ததால்தான். உணவின் விலையும் ஒரு சேதிதான். இங்கே தட்டுப்பாடு, கொண்டு வாருங்கள் என்பதை யாரும் ஓலை அனுப்பாமலேயே அது தூர தேசம்வரை கொண்டு சேர்த்துவிடும். ஊர்த் தலைவர்கள் முன்கூட்டியே விலையை அடித்து இறக்கியிருந்தால், கப்பல்கள் வேறு துறைமுகம் தேடிப் போயிருக்கலாம்.

விலையில் கைவைக்கும் இதே தயக்கம் இஸ்லாமிய மரபிலும் உண்டு. மதீனாவில் விலை ஏறியபோது, விலையை நிர்ணயித்துத் தருமாறு மக்கள் நபிகள் நாயகத்திடம் கேட்டார்கள். அவர் மறுத்துவிட்டார். விலை இறைவன் கையில் இருக்கிறது, யாருக்கும் அநீதி இழைத்தவனாக இறைவனைச் சந்திக்க விரும்பவில்லை என்பது அவர் சொன்ன காரணம். விற்பவனுக்கும் அநீதி நேரலாம் என்று கவலைப்பட்ட அதே மரபு, பதுக்குபவனைப் பாவி என்றும் சொன்னது. பிற்கால அறிஞர் இப்னு தைமிய்யா, வணிகர்கள் கூடிப் பேசிக்கொண்டு விலையை உயர்த்தினால் அரசு தலையிடலாம் என்றார். தானாக ஏறிய விலை வேறு, ஏற்றிவிட்ட விலை வேறு என்ற இந்தப் பாகுபாடு இன்றைய மண்டிக்கும் பொருந்தும்.

ஆனாலும் இந்த வாதங்களில் எல்லாம் இருவர்தான் வருகிறார்கள்: விற்பவர், வாங்குபவர். துறைமுகத்தில் மூன்றாவதாக ஒருவர் நிற்கிறார். விலை பாதியாக இறங்கினாலும் வாங்கக் காசில்லாதவர். வள்ளலார் தொடங்கியது இவரிடமிருந்துதான். 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கியபோது, பசி தீர்ப்பதையே ஜீவகாருண்யத்தின் தலையாய கடமையாக வைத்தார். தேசம், சாதி, சமயம், நடத்தை எதையும் விசாரிக்காமல் சோறு. நியாய விலை எது என்ற கேள்வியே அங்கே எழவில்லை.

அந்த மூன்றாமவர் எப்போதும் ஏழையாகவே இருந்தவர் என்று நினைத்துவிடக் கூடாது. விலையே அவரை உண்டாக்கும். 1942 டிசம்பரில் கல்கத்தா மொத்தச் சந்தையில் ஒரு மணங்கு அரிசி, அதாவது சுமார் 37 கிலோ, 13, 14 ரூபாய்க்கு விற்றது. 1943 மே மாதத்தில் 30 ரூபாயைத் தாண்டியது; ஆகஸ்டில் 37. போர்ச்செலவால் பணம் பெருகியது, பர்மா அரிசி வரத்து நின்றது, பயந்தவர்களும் பேராசைக்காரர்களும் பதுக்கினார்கள். சிறுவனாக அந்த வங்காளப் பஞ்சத்தைப் பார்த்த பொருளியலாளர் அமர்த்தியா சென், வறுமையையும் பஞ்சங்களையும் பற்றி 1981இல் எழுதிய நூலில், யார் விழுந்தார்கள் என்று ஒவ்வொரு தொழிலாகப் பார்த்தார். விவசாயக் கூலிகள், மீனவர்கள், படகோட்டிகள், முடிதிருத்துபவர்கள். வீட்டில் அரிசி குறைந்தால் எவரும் முதலில் தள்ளிப்போடுவது முடிவெட்டுவதைத்தான். நேற்றுவரை கத்தரியால் குடும்பத்தைக் காப்பாற்றிய மனிதரின் உழைப்புக்கு, அதே ஊரில், அதே திறமைக்கு, அரிசியாகக் கிடைப்பது வெகுவாகக் குறைந்துபோனது. விளைச்சலில் நெல்லாகவே பங்கு பெற்ற வாரக்குடிகள் ஓரளவு தப்பினார்கள். இறந்தவர்கள் சுமார் 15 லட்சம் என்றது அரசு விசாரணைக் குழு. பின்னால் கணக்கிட்டவர்கள் 30 லட்சம்வரை சொல்கிறார்கள்.

விலை என்னும் சேதியில் காசு உள்ளவர் குரல் மட்டுமே ஒலிக்கிறது. வெறுங்கையோடு சாகிறவரின் பசி விலையை ஒரு தம்பிடிகூட உயர்த்தாது. எந்தக் கப்பலையும் அழைக்காது. அப்படியானால் அவருக்காக யார் வாய் திறப்பது?

ஆன்டிபேட்டரின் கேள்வி இங்கே அரசை நோக்கித் திரும்புகிறது. பஞ்சத்துக்கென்று இருந்த அரசு விதித்தொகுப்பின்படி வங்காளத்தில் பஞ்சம் அறிவிக்கப்படவே இல்லை. அறிவித்திருந்தால் நிவாரணம் தரும் கடமை அரசின் தலையில் விழுந்திருக்கும். அது போர்க்காலத் தணிக்கை நடந்த நேரம். 1943 ஆகஸ்ட் 22 அன்று, கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில், தெருவோரம் பட்டினியால் விழுந்து கிடந்தவர்களின் புகைப்படங்களை ஆசிரியர் இயன் ஸ்டீபன்ஸ் வெளியிட்டார். அடுத்த வாரமும் படங்கள் வந்தன. சேதி டெல்லிக்கும் லண்டனுக்கும் போனது. அக்டோபரில் வைசிராயாகப் பதவியேற்ற வேவல், சில நாட்களிலேயே கல்கத்தா வந்து தெருக்களை நேரில் பார்த்தார். தானியத்தை மாவட்டங்களுக்குக் கொண்டுசேர்க்கும் வேலையில் ராணுவம் இறங்கியது.